காப்பி குடித்த லேப்டாப்

முதலில் ஒரு இரங்கல் செய்தி. என் லேப்டாப் 2025 நவம்பரில் காலமானது. காரணம் காப்பி. குடித்தது நான் இல்லை, அது. செமஸ்டர் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி, டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் புத்தகத்தின் மேல் தூங்கி விழுந்து, கை தட்டி, முக்கால் டம்ளர் காப்பி நேராகக் கீபோர்டுக்குள் போய்விட்டது. சர்வீஸ் கடை அண்ணன் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "போர்டு போச்சும்மா. புதுசு போடற காசுக்குப் பழைய லேப்டாப்பே ஒண்ணு வாங்கிரலாம்" என்றார். மூடிக் கொடுத்தார். வீட்டுக்கு எடுத்து வந்து பரணில் வைத்துவிட்டோம்.

விஷயம் அது இல்லை. விஷயம் அப்பாவின் கம்ப்யூட்டர்.

எங்கள் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே அப்பா டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பத்திர எழுத்தர்கள் கையால் எழுதித் தருவதை டைப் செய்து கொடுப்பதுதான் முக்கிய வேலை. கூடவே பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ் என்று ஆன்லைன் சமாச்சாரங்கள். கம்ப்யூட்டர் 2018ல் வாங்கியது. இன்டெல் ஐ3-8100, 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 இருந்தவரை முக்கி முனகி ஓடிக்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதும், "அப்பா, இனிமே இது சேஃப் இல்லை" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொல்லி நானே விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்தேன். குறைந்தபட்சம் 4 ஜிபி போதும் என்றுதான் அவர்கள் போட்டிருந்தார்கள். ஓடுவதற்குப் போதும்தான். அதில் ஒரு மனுஷன் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டாமா? பிரவுசரில் நாலு டேப் திறந்தால் வேர்டு அப்படியே நின்றுவிடும். வாடிக்கையாளர் நிற்பார், அப்பா நிற்பார், ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரியும்.

"ஏட்டி, நல்லா இருந்தத நீதான் கெடுத்த. நீயே சரி பண்ணிக் குடு" என்றார் அப்பா. நியாயம்தான்.

மருந்து தெரிந்ததுதான். இன்னொரு 8 ஜிபி ராம் போட வேண்டும். கடைக்குப் போய் விலை கேட்டேன். அவர் சொன்ன விலையைக் கேட்டு, 16 ஜிபிக்குச் சொல்லிவிட்டாரோ என்று மறுபடி கேட்டேன். இல்லையாம். 2025 கடைசியில் ராம் விலை ஏறியதே, அதில் சரியாக மாட்டிக்கொண்டேன். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி கேட்டு உலகமே வரிசையில் நின்றது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று உலகத்தில் பெரிய அளவில் டிராம் செய்கிறவர்கள் மூன்று பேர்தான். லாபம் அதிகம் தருகிற எச்பிஎம், சர்வர் மெமரி பக்கம் அவர்கள் கவனம் திரும்பியது. பழைய டிடிஆர்4 ஏற்கனவே குறைந்துகொண்டே வந்தது. 2025 டிசம்பரில் மைக்ரான் தன் க்ரூஷியல் பிராண்டின் சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. எங்கோ ஒரு ஏஐ கவிதை எழுதக் கற்றுக்கொள்கிறது, அதற்கு எங்கள் ஊர் பத்திர ஆபீஸ் எதிரில் எங்கப்பா காசு கொடுக்கிறார்!

அப்போதுதான் பரணில் கிடக்கும் லேப்டாப் ஞாபகம் வந்தது. அதற்குள் 8 ஜிபி டிடிஆர்4 ராம் சும்மா இருக்கிறதே!

இறக்கி, பின்மூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ராமை உருவினேன். காப்பி அந்தப் பக்கம் போகவில்லை. (மெல்லிசான லேப்டாப்கள் பலவற்றில் ராமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அது உங்களுக்குக் கிடைத்தால் பரண்தான் கதி.) அப்பா கம்ப்யூட்டரின் ராமையும் கழற்றி இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அண்ணனும் தம்பியும் மாதிரி இருந்தன. டெஸ்க்டாப் ராம், அதாவது டிம், நீளம் 13 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 288 பின். லேப்டாப் ராம், அதாவது எஸ்ஓ-டிம், நீளம் 7 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கீழ், 260 பின்.

ஆனால் மேலே ஒட்டியிருக்கும் கறுப்புச் சில்லுகள் ஒரே சாதி. இரண்டுக்கும் 1.2 வோல்ட். இரண்டிலும் டேட்டா போகிற கம்பிகள் 64. வித்தியாசமாக இருக்கிற பின்களில் பெரும்பாலும் கரன்ட், கிரவுண்ட் விஷயங்கள்தான். நான் எவ்வளவு கொள்ளளவு, எவ்வளவு வேகம் என்று பயாஸிடம் சொல்லிக்கொள்ளும் எஸ்பிடி என்கிற குட்டிச் சில்லுகூட இரண்டிலும் உண்டு. ஆக, மொழி ஒன்று, உடம்பு மட்டும்தான் வேறு. உடம்பை மாற்ற ஒரு அட்டை இருந்தால் போதும்.

இருக்கிறது. எஸ்ஓ-டிம்மை டிம்மாக மாற்றும் அடாப்டர். ஒரு பக்கம் டெஸ்க்டாப் ஸ்லாட்டில் நுழையும் 288 பின், நடுவில் லேப்டாப் ராமைச் செருகும் சாக்கெட், இடையில் வெறும் செம்புக் கோடுகள். ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். நானூற்றுச் சொச்சம் ரூபாய். புது ராம் விலைக்கு முன்னால் இதெல்லாம் ஒரு காசா?

இதை வாங்கும்போது தலைமுறை பார்த்து வாங்க வேண்டும். டிடிஆர்3 லேப்டாப் ராமுக்கு 204 பின், டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. நடுவில் இருக்கும் வெட்டும் இடம் மாறும். ஒன்று இன்னொன்றில் நுழையாது, நுழைய வைக்கவும் கூடாது. அடாப்டர் டிடிஆர்3ஐ டிடிஆர்4 ஆக்காது. அது பாலம், மொழிபெயர்ப்பாளர் இல்லை.

பார்சல் வந்த அன்று சாயங்காலம் கடையிலேயே ஆபரேஷன். பிளக்கை உருவி, பவர் பட்டனை ஒருமுறை அமுக்கி மிச்ச கரன்ட்டைப் போக்கி, கேபினட் இரும்பைத் தொட்டுக்கொண்டு, நம் நாட்டு வைத்தியமான பென்சில் ரப்பரால் பின்களை லேசாகத் தேய்த்து, துடைத்து, ராமை அடாப்டரில் சாய்த்துச் செருகி, அடாப்டரை ஸ்லாட்டில் அமுக்கினேன். அட்டை கொஞ்சம் தடிமன், அதனால் சிபியு ஃபேனுக்குத் தள்ளி இருந்த ஸ்லாட்டில்தான் உட்கார்ந்தது. பழைய 4 ஜிபி பக்கத்தில். பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுற்றியது, ஒன்றும் வரவில்லை. நானும் அப்பாவும் மூச்சுவிடவில்லை. சில நொடி கழித்துத் திரை வந்தது. 12 ஜிபி. வேகம் 2400.

பன்னிரண்டு டேப் திறந்தேன். வேர்டு திறந்தேன். நிற்கவே இல்லை. அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! பக்கத்து டீக்கடையில் சொல்லி வடை வந்தது. "எம் மவ செத்த லேப்டாப்ல இருந்து உசுர எடுத்து இதுக்குக் குடுத்துட்டா" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கொஞ்சம் மிதந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இத்தோடு பதிவை முடித்திருந்தால் நான் கெட்டிக்காரி. மூன்று நாள் கழித்து நடந்ததுதான் இதை எழுத வைத்தது.

தினமும் கடை மூடும்போது அன்றைய ஃபைல்களை ஜிப் செய்து பென் டிரைவில் போடுவது அப்பாவின் வழக்கம். மூன்றாம் நாள் முந்தின நாள் ஜிப்பைத் திறந்தால் சிஆர்சி பிழை என்றது. அதாவது, உள்ளே வைக்கும்போது போட்ட கூட்டுத்தொகையும் எடுக்கும்போது வருகிற கூட்டுத்தொகையும் ஒத்துப்போகவில்லை. பென் டிரைவ் பழசு என்று நினைத்தேன். அன்று மத்தியானம் பிரவுசரில் இரண்டு முறை பக்கம் தானாக உடைந்ததாக அப்பா சொன்னதும் வயிற்றில் லேசாகப் புளி கரைந்தது.

மெம்டெஸ்ட்86 பிளஸ் என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது. பென் டிரைவிலிருந்து நேராக ஓடும், விண்டோஸ் வேண்டாம். ராமின் ஒவ்வொரு மூலையிலும் எழுதிப் படித்துப் பார்க்கும். அதை ஓடவிட்டேன். பதினோராவது நிமிஷம் முதல் சிவப்பு வரி. பிறகு இன்னொன்று. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ராம்தான் கெட்டதா? காப்பி குடித்துவிட்டதா? தோழியின் லேப்டாப்பில் அதே ராமைப் போட்டு ஓட்டினேன். ஒரு பிழைகூட இல்லை. அப்பாவின் பழைய 4 ஜிபியைத் தனியாக ஓட்டினேன். அதிலும் இல்லை. அடாப்டர் வழியாகப் போனால் மட்டும் சிவப்பு.

சிவப்பு வரிகளில் என்ன எதிர்பார்த்தது, என்ன கிடைத்தது என்று இரண்டு எண்கள் காட்டும். பார்த்தவரை எல்லாவற்றிலும் ஒரே ஒரு பிட்தான் மாறியிருந்தது. ஒரே ஒரு பிட்தானே என்று தோன்றியது. அடுத்த நொடி, அப்பா டைப் செய்கிறவை என்ன என்று யோசித்தேன். உடம்பு சில்லிட்டுப் போனது.

3 என்ற எழுத்தின் குறியெண் 51. 7ன் குறியெண் 55. பைனரியில் எழுதிப் பாருங்கள், வித்தியாசம் ஒரு பிட். சர்வே நம்பர் 143 என்பது 147 ஆக ஒரு பிட் போதும். தமிழ் இன்னும் மோசம். யூனிகோடில் ர 2992, ற 2993. ல 2994, ள 2995. நாம் பள்ளிக்கூடத்தில் எந்த எழுத்துகளைக் குழப்பி அடி வாங்கினோமோ, அதே ஜோடிகள் அங்கேயும் ஒரு பிட் இடைவெளியில் உட்கார்ந்திருக்கின்றன! "கிழக்கே குளம்" என்பது "கிழக்கே குலம்" ஆகலாம். ஜிப் ஃபைல் கெட்டால் திறக்காது, கத்திச் சொல்லிவிடும். ஆனால் திரையில் இருக்கிற ஒரு எழுத்து மாறினால் எந்தக் கம்ப்யூட்டரும் கத்தாது. சர்வர்களில் 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து ஒரு பிட் பிழையைத் தானே திருத்தும் ஈசிசி மெமரி உண்டு. நம் வீட்டு, கடைக் கம்ப்யூட்டர்களில் பொதுவாக அது கிடையாது. பதிவான பத்திரத்தில் தப்பு இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும், எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் எல்லாரும் மறுபடி வர வேண்டும். அதில் ஒருவர் வரமாட்டேன் என்றால்?

கடைக்கு ஓடி அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணினார். "மூணு நாள்ல பதினோரு பத்திரம் போயிருக்கு" என்றார். அவ்வளவுதான். பிறகு பத்திர எழுத்தர்களின் கையெழுத்துப் பிரதிகளைக் கட்டிலிருந்து எடுத்தார். ராத்திரி ஒன்றரை மணி வரை உட்கார்ந்தோம். நான் கையெழுத்தைப் படிப்பேன், அப்பா அச்சுப் பிரதியில் விரல் வைத்துக்கொண்டே வருவார். சர்வே நம்பர், பரப்பு, நான்கெல்லை, கிரயத் தொகை, பெயர்கள்.

ஏழாவது பத்திரத்தில் நின்றோம். எழுதிக் கொடுப்பவர் பெயர் கையெழுத்தில் "கருப்ப" என்று தொடங்கியது. அச்சில் "கறுப்ப". ஒரு பிட்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அங்கும் "கறுப்ப". அதற்கடுத்தும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "ஏட்டி, இது மெசின் பண்ணல. அவரு ஆதார்ல அப்படித்தான் இருக்கு. பாத்து நான்தான் மாத்துனேன்."

பதினொன்றும் சரியாக இருந்தன. அதிர்ஷ்டம். வேறு வார்த்தை இல்லை.

இனி ஏன் இப்படி ஆனது என்று பார்ப்போம். விடை, நான் காப்பியைக் கொட்டிய அந்தப் புத்தகத்தில்தான் இருந்தது. (வகுப்புத் தோழர்களே, ஸ்மித் சார்ட்டுக்கு இதுவரை வைத்த பெயர்களை எல்லாம் வாபஸ் வாங்குவோம்.)

2400 வேகம் என்றால் ஒவ்வொரு டேட்டா கம்பியிலும் நொடிக்கு 240 கோடி பிட். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 0.42 நானோ நொடி. சர்க்யூட் போர்டில் சிக்னல் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய பாதியில் போகும், அதாவது நானோ நொடிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர். ஒரு பிட்டின் நேரத்தில் அது 6 சென்டிமீட்டர்தான் போகிறது. லேப்டாப் ராமின் நீளத்தைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் பின்னாலேயே அடுத்த பிட் கிளம்பிவிட்டது! இந்த வேகத்தில் அடாப்டரின் சில சென்டிமீட்டர் செம்புக் கோடு சின்ன விஷயம் இல்லை. அதைவிட முக்கியம், வழியில் கூடுதலாக ஒரு சாக்கெட். கம்பியின் இம்பீடன்ஸ் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் சிக்னலில் ஒரு பகுதி திரும்பி வரும். பரீட்சைக்கு நாம் மனப்பாடம் செய்த ரிஃப்ளெக்‌ஷன் இதுதான்.

கோயில் கொடை மைக் செட்டைக் கேட்டிருப்பீர்கள். அறிவிப்பாளர் வேகமாகப் பேசினால், எதிர்ச் சுவரில் பட்டு வரும் முந்தின வார்த்தை இந்த வார்த்தையின் மேல் விழுந்து ஒன்றும் புரியாது. அதே ஆள், அதே மைக், கொஞ்சம் நிறுத்திப் பேசினால் தெளிவாகக் கேட்கும். ஆன் செய்ததும் சில நொடி திரை வராமல் இருந்ததே, அப்போது கம்ப்யூட்டர் இந்த நேரக் கணக்கைத்தான் சரிபார்த்துக்கொள்கிறது. மெமரி டிரெய்னிங் என்பார்கள். நீளத்தை ஓரளவு ஈடுகட்டும். எதிரொலியை ஒழிக்க அதனால் முடியாது. பிழை தினமும் வராமல் எப்போதாவது வந்ததற்கும் அதுதான் காரணம். விளிம்பில் நின்றுகொண்டிருந்தது.

ஆகவே வைத்தியம், நிறுத்திப் பேசச் சொல்வது. பயாஸில் மெமரி வேகம் ஆட்டோ என்று இருந்தது. அதை 2133 ஆக்கினேன். ஒரு பிட்டுக்கு 0.42 நானோ நொடி 0.47 ஆயிற்று. அவ்வளவுதான் வித்தியாசம். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டேன். காலையில் பிழை பூஜ்யம். நம்பாமல் இன்னொரு ராத்திரி ஓட்டினேன். பூஜ்யம். அதன் பிறகும் ஒரு வாரம் பத்திரம் டைப் செய்யாமல் பட்டா, சிட்டா வேலைக்கு மட்டும் வைத்தோம். பத்திரங்களைப் பக்கத்துக் கடையில் கெஞ்சி டைப் செய்துகொண்டார் அப்பா. அந்த ஒரு வார வருமானம் என் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

வேகம் குறைந்ததே, தெரிகிறதா என்றால் தெரியவில்லை. ராம் போதாமல் ஹார்ட் டிஸ்க்குக்கு ஓடுவதுதான் முன்பு கம்ப்யூட்டரைக் கொன்றது. ராமிலிருந்து எடுக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் ஹார்ட் டிஸ்க்கில் தேடி எடுப்பது ஏறக்குறைய லட்சம் மடங்கு மெதுவு. அதற்கு முன்னால் 2400 என்ன, 2133 என்ன.

நீங்களும் செய்யப் போகிறீர்கள் என்றால் சுருக்கமாகச் சொல்கிறேன். தலைமுறை ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். உங்கள் பயாஸில் மெமரி வேகத்தைக் குறைக்க வழி இருக்கிறதா என்று அடாப்டர் வாங்கும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். போட்ட உடனே வேகத்தைக் குறையுங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆனது என்பது பாஸ் மார்க் இல்லை. ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடி, ஒரு பிழைகூட இல்லாமல் இருந்தால்தான் பாஸ். ஒரே ஒரு பிழை வந்தாலும் கழற்றிவிடுங்கள். டிடிஆர்5 வேகம் 4800ல்தான் ஆரம்பிக்கிறது. அதில் இந்த விளையாட்டு இன்னும் கஷ்டம். லேப்டாப் ராமை டெஸ்க்டாப்பில் போடுவதே தப்பு என்று நினைக்காதீர்கள். மினி பிசிக்கள் நிறைய எஸ்ஓ-டிம்மில்தான் ஓடுகின்றன. ஏஸ்ராக் 2017ல் எக்ஸ்299 சிப்செட்டில் செய்த ஒரு குட்டி டெஸ்க்டாப் போர்டில்கூட நான்கு எஸ்ஓ-டிம் ஸ்லாட். அங்கெல்லாம் சாக்கெட் நேராக போர்டில் இருக்கிறது, வழியில் கூடுதல் திருப்பம் இல்லை. தப்பு ராமில் இல்லை, பாதையில்.

எல்லாவற்றையும்விட, அந்தக் கம்ப்யூட்டரில் என்ன வேலை நடக்கிறது என்று முதலில் கேளுங்கள். கேம் ஆடுகிற கம்ப்யூட்டரில் ஒரு பிட் மாறினால் கேம் நிற்கும், திட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்வோம். ராம் இல்லாத கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கும், ஆனால் பொய் சொல்லாது. எப்போதாவது பொய் சொல்லும் ராம் அதைவிட மோசம். இதை நான் அப்பாவின் கடையில் பரீட்சை செய்து பார்த்தேன். செய்திருக்கக் கூடாது. வீட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குக் கொண்டு போயிருக்க வேண்டும்.

இப்போது அது ஒழுங்காக ஓடுகிறது. அப்பா ஒரு புது வழக்கம் பிடித்திருக்கிறார். ஒவ்வொரு பத்திரமும் அச்சானதும், பார்ட்டியையே உட்கார வைத்து சர்வே நம்பரையும் பெயரையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறார். மெமரி சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு என்று கேட்டேன். "உன் மெசினுக்காக இல்ல. எனக்கும் வயசாகுதுல்லா" என்றார்.

ஆமாம், டிரான்ஸ்மிஷன் லைன்ஸில் பாஸ். எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்.